கூறு போட்ட கிண்டி காடு: மானுக்கு மிச்சம் பாதிதான்!

சென்னை நகரத்துக்கு நடுவிலே ஒரு தேசிய பூங்கா. சர்தார் பட்டேல் ரோட்டில் பஸ்சில் போகிறவர்களுக்கு அது வெறும் சுவரும் மரமும்தான். உள்ளே புள்ளிமான், வெளிமான், நரி எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு உள்ள இடம் சுமார் 270 ஹெக்டேர். 1910-ல் காப்புக்காடு ஆனபோது இருந்ததோ 505 ஹெக்டேர்!

மீதி எங்கே போச்சு? ஆக்கிரமிப்பு ஆசாமிகள் யாரும் சுருட்டவில்லை. எல்லாம் சர்க்கார் பைல் மூலமாகவே போனது.

விலை ரூ.35 ஆயிரம்

1821-ல் வெள்ளைக்காரர் ஒருவரிடம் 35 ஆயிரம் ரூபாய் கொடுத்து அரசு வாங்கிய காடு இது. 1956-ல் காந்தி மண்டபம் வந்தது. 1958-ல் ஐ.ஐ.டி.க்கு ஒரு பகுதி போனது. பிறகு 1974, 75-ல் ராஜாஜி, காமராஜர் நினைவகங்கள். 1961 முதல் 1977-க்குள் மட்டும் சுமார் 172 ஹெக்டேர் பல இலாகாக்களுக்கு கைமாறியது.

படிப்புக்கு இடம் கொடுக்காதே என்று யார் சொல்வார்கள்? தலைவர்களுக்கு மண்டபம் கூடாது என்று யார் சொல்வார்கள்? அங்கேதான் சிக்கல். கேட்டவர்கள் அத்தனை பேரும் நல்ல காரியத்துக்கே கேட்டார்கள். மானுக்காக கேட்கத்தான் ஆள் இல்லை.

1978-ல் தேசிய பூங்கா ஆனது. இப்போது எல்லையில் கை வைக்க தேசிய வனவிலங்கு வாரியம் சிபாரிசு செய்யவேண்டும். மந்திரி கையெழுத்து மட்டும் போதாது.

குறுக்கே சுவர்

நிலத்தகராறு அடங்கியது. மானின் கஷ்டம் அடங்கவில்லை. 1980-களின் கடைசியில் பூங்காவுக்கும், கவர்னர் மாளிகைக்கும், ஐ.ஐ.டி.க்கும் நடுவே சுவர் எழுந்தது. மான்கள் மூன்று பக்கமாக பிரிந்துவிட்டன. வெளிமானுக்கு பரந்த புல்வெளி வேண்டும். புதர் மண்டினால் அது ஓட முடியாது. ஐ.ஐ.டி. பக்கம் நாய்த்தொல்லை வேறு. செத்த மானின் வயிற்றில் பிளாஸ்டிக் பை இருந்ததும் உண்டு. நாய்களை பிடித்து அடைத்தார்கள். அதுவும் 2021-ல் ஐகோர்ட்டு வரை போனது.

மூன்று இடத்துக்கும் மூன்று நிர்வாகம். மானுக்கு அது தெரியுமா? வனத்துறை தலைமையில் மூன்றுக்கும் ஒரே திட்டம் போட்டால்தான் வழி பிறக்கும். முதலில் குப்பையும் நாயும் ஒழியவேண்டும். அப்புறம் சுவரில் மான் போய்வர வழி விடலாம்.

ரேஸ் கோர்ஸ் நிலம்

ஜனங்களுக்கும் காற்று வாங்க இடம் வேண்டும், வாஸ்தவம். அதற்கு காட்டை தொடவேண்டியது இல்லை. கிண்டியிலேயே ரேஸ் கோர்ஸ் நிலம் சுமார் 160 ஏக்கரை 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்து எடுத்தது. அதில் 118 ஏக்கரில் பசுமை பூங்கா என்று அறிவித்தது. வெள்ளத்தை தேக்க குளம் வெட்டும் வேலையும் தொடங்கியது. ரேஸ் கிளப் கோர்ட்டு படி ஏறியது.

நடைபாதை, விளையாட்டு, கண்காட்சி எல்லாம் அங்கே போகட்டும். காட்டுக்குள் இருக்கிற போலோ மைதானத்து புல்லை வெளிமானுக்கே விட்டுவிடலாம்.