கோழிக்கு வெள்ளைக்கழிச்சலா? மருந்து தேடும் முன் இதைப் பாருங்க

நேற்று நல்லா மேய்ஞ்ச கோழி, இன்று கழுத்தைத் திருகிக்கொண்டு கிடக்கிறதா? வெள்ளையும் பச்சையுமாகக் கழிகிறதா? ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். இது வைரஸ் நோய். வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை. ஆன்டிபயாடிக் வாங்கினால் காசுக்குத்தான் கேடு.

பலரும் மிச்சக் கோழிகளை அவசரமாகச் சந்தையில் தள்ளிவிடுறாங்க. பாதிப் பணமாவது தேறட்டுமே என்ற தவிப்பு புரிகிறது. ஆனால் நோய் அடுத்த ஊருக்கும் போய்விடும். சுணங்கியதைத் தனியே அடையுங்க. செத்ததைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்க, வெறுங்கையால் தொடாதீங்க. கொத்தாகச் செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்லுங்க.

தமிழகத்தில் கோடைக்கு முன், பிப்ரவரியில் நடக்கும் இருவார முகாமில் தடுப்பூசி இலவசம். 8 வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கையில் போடுவாங்க. ஏற்கெனவே சுணங்கிய கோழிக்குப் போட்டுப் பலனில்லை.