விளையாடப் போன பிள்ளைக்கு யார் பொறுப்பு? டெல்டா கிளப்புகள் கண்டுகொள்ளாத சட்டம்

தஞ்சாவூர்:

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்தால் போதும், டெல்டா மாவட்டங்களில் ஊருக்கு ஊர் கபடி களம் ரெடியாகிவிடும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று எந்தப் பக்கம் போனாலும் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்ற பிளக்ஸ் பேனர் கண்ணில் படும். முதல் பரிசு இத்தனை ஆயிரம், சுழற்கோப்பை வழங்குபவர் இன்னார், விழாவுக்கு வருகை தரும் பிரமுகர்கள் யார் யார் என்று பத்து, பதினைந்து போட்டோ இருக்கும். சின்னப் பசங்களுக்கு எடைக் கணக்கில் தனி ஆட்டமும் உண்டு.

பேனரில் எல்லாம் இருக்கும். ஆட வருகிற 14 வயது, 15 வயது பிள்ளைகளுக்குப் பொறுப்பு யார் என்பது மட்டும் இருக்காது.

ராத்திரி தொடங்கும் ஆட்டம் விடிய விடிய நடக்கும். லோடு வேனில் பசங்களை ஏற்றிக்கொண்டு 40, 50 கிலோ மீட்டர் போவார்கள். தோற்றால் நள்ளிரவில் திரும்புவார்கள். ஜெயித்தால் விடிந்துதான் வீடு. இடையில் எங்கே சாப்பிட்டான், எங்கே படுத்தான், யார் கூட இருந்தான் என்று பெற்றோருக்குத் தெரியாது. கேட்டால், "மாஸ்டர் கூடத்தானே போயிருக்கான், அவர் பாத்துக்குவார்" என்பதுதான் பல வீடுகளில் பதில். அந்த மாஸ்டருக்கே பல ஊர்களில் வயசு 24, 25 தான் இருக்கும். சம்பளம் கிடையாது. ஆர்வத்தில் சொல்லிக் கொடுப்பவர். அவர் நல்லவராக இருப்பதைத் தவிர பிள்ளைக்கு வேறு பாதுகாப்பு எதுவும் இல்லை.

மாயனூர் சோகம்

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு காவிரிக் கரையிலேயே சாட்சி இருக்கிறது.

2023 பிப்ரவரி 15. புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை அருகே உள்ள பிலிப்பட்டி அரசு நடுநிலைப் பள்ளி மாணவிகள், திருச்சி மாவட்டம் தொட்டியம் பகுதியில் நடந்த கால்பந்து போட்டிக்குப் போனார்கள். போன இடத்தில், கரூர் மாவட்டம் மாயனூர் கதவணையைப் பார்க்க அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கே காவிரியில் இறங்கிய பிள்ளைகளில் 4 மாணவிகள் ஆழத்தில் சிக்கி இறந்துபோனார்கள். தலைமை ஆசிரியர் உள்பட 3 பேர் சஸ்பெண்ட் செய்யப்பட்டனர். முதல்வர் நிவாரண நிதி அறிவித்தார். அதோடு செய்தி அடங்கிவிட்டது.

அந்த 4 பேரும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள். கிராமத்தில் இருந்து கால்பந்து ஆட வெளியூர் போவதே பெரிய விஷயம். கூடப் போனவர்கள் மீது கோபப்பட்டு நிறுத்திக் கொண்டால் ஒரு விஷயத்தைத் தவறவிடுவோம். போட்டிக்கு அனுமதி கேட்கும்போது, வழியில் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது, தண்ணீரில் இறங்கலாமா என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஆட்டம் முடிந்ததும் ஆற்றில் குளித்துவிட்டு வருவது நம்ம ஊர் வழக்கம். கல்லணைக்கும், கொள்ளிடத்துக்கும், வெண்ணாற்றுக்கும் அப்படித்தான் வண்டி திரும்புகிறது. மணல் அள்ளிய பள்ளம் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. உள்ளூர்க்காரனுக்கே தெரியாதபோது வெளியூர் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

பள்ளிக்கூடம் என்பதால் மாயனூர் விஷயத்தில் சஸ்பெண்ட் நடவடிக்கையாவது நடந்தது. பதிவே செய்யாத ஊர் கிளப் என்றால் யாரை சஸ்பெண்ட் செய்வது?

களத்திலேயே அசம்பாவிதம் நடப்பதும் உண்டு. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே கபடி ஆடிக்கொண்டிருந்த இளம் வீரர் ஒருவர் களத்திலேயே சுருண்டு விழுந்து இறந்தார். ஆம்புலன்ஸ் நிற்காத, முதலுதவி தெரிந்த ஆள் இல்லாத போட்டிகள் அதற்குப் பிறகும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஸ்பீக்கர் செட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் ஒதுக்குகிற பணத்தில் ஒரு நர்ஸை உட்கார வைக்கலாம்.

சர்டிபிகேட் யார் கையில்?

ஆறும் அடிபடுவதும் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. வெளியே தெரியாத ஆபத்து இன்னொன்று இருக்கிறது. அதைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை.

தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரி சீட்டில் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கிறது. விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடும் படிப்பும் அரசு செலவு. தஞ்சை அன்னை சத்யா விளையாட்டு அரங்கிலும், மயிலாடுதுறை 'சாய்' மையத்திலும் காலையில் ஓடுகிற பிள்ளைகளில் பலர் விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகள். ஒரு மாநில அளவிலான சர்டிபிகேட் அந்தக் குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றிவிடும்.

ஊர் கிளப்பில் இருந்து அந்த இடத்துக்குப் போகும் வழியில் முதல் ஆளாக நிற்பவர் பயிற்சியாளர். டீமில் சேர்ப்பதும், உட்கார வைப்பதும், செலக்‌ஷனுக்குப் பெயர் கொடுப்பதும் அவர்தான். பெரும்பாலானவர்கள் அந்த அதிகாரத்தைப் பிள்ளைகளின் நல்லதுக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். சொந்தக் காசில் ஷூ வாங்கிக் கொடுத்து, முட்டை வாங்கிக் கொடுத்து ஆளாக்கிய மாஸ்டர்கள் டெல்டாவில் ஏராளம். ஆனால் தப்பான ஒரு ஆள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டால், பிள்ளை வாயைத் திறக்காது. திறந்தால் விளையாட்டே போய்விடும்.

சென்னையில் 2021 மே மாதம் நடந்ததை மறக்க முடியாது. பல வீராங்கனைகளை உருவாக்கிய தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைது செய்யப்பட்டார். காயத்துக்கு சிகிச்சை தருவதாகச் சொல்லி அத்துமீறினார் என்பது புகார். ஒரு வீராங்கனை துணிந்து போலீசுக்குப் போன பிறகு, முன்பு அவரிடம் பயிற்சி பெற்ற மேலும் சிலரும் புகார் கொடுத்தார்கள். அதுவரை அவரவர் மனசுக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் டாக்டர் லாரி நாசர் சிகிச்சை என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் சிறுமிகளிடம் அத்துமீறினார். சில சமயம் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே நடந்தது. 2018ல் கோர்ட்டில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் வாக்குமூலம் கொடுத்தார்கள். ஒலிம்பிக் வீராங்கனைகளுக்கே வெளியே சொல்ல அத்தனை வருஷம் ஆனது என்றால், பேராவூரணி பக்கத்துப் பிள்ளையின் நிலைமை என்ன?

பையன்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பதும் தப்பு. இங்கிலாந்தில் பேரி பென்னல் என்ற ஜூனியர் கால்பந்து கோச்சால் சீரழிக்கப்பட்டவர்கள் எல்லாம் பையன்கள். 2016ல் ஒரு முன்னாள் வீரர் பேட்டி கொடுத்த பிறகுதான் அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். 2018ல் தண்டிக்கப்பட்ட அந்த கோச் 2023ல் சிறையிலேயே செத்தார். நம்ம சட்டத்திலும் போக்சோ ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. 18 வயதுக்குக் கீழ் யாராக இருந்தாலும் குழந்தைதான்.

கிருஷ்ணகிரியில் என்ன நடந்தது?

2024 ஆகஸ்டு மாதம் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பகுதியில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று ஒன்று நடந்தது. மாணவிகளைப் பள்ளியிலேயே தங்க வைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த சிவராமன், 13 வயது மாணவியிடம் பாலியல் கொடுமை செய்ததாக வழக்கு. விசாரித்தால் அது என்.சி.சி. முகாமே இல்லை, அந்த ஆளும் என்.சி.சி. பயிற்சியாளர் இல்லை. யூனிபார்ம் போட்டுக்கொண்டு வந்தார், நம்பிவிட்டார்கள். விஷயம் தெரிந்தும் மறைக்கப் பார்த்ததாகப் பள்ளி நிர்வாகத்தில் இருந்தவர்களையும் போலீசார் கைது செய்தனர். எலி மருந்து தின்ற சிவராமன் அந்த மாதமே ஆஸ்பத்திரியில் இறந்தார்.

ஒரு போன் போட்டு "இவர் உங்க ஆளா?" என்று என்.சி.சி. அலுவலகத்தில் கேட்டிருந்தால் முடிந்த விஷயம் அது. டிராக் சூட்டும் விசிலும் இருந்தால் கோச் என்று நம்புகிற ஊர் நம்முடையது. கடன் கேட்டு வந்தவனைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறோம். பிள்ளையை அனுப்பும் இடத்தில் விசாரிக்கக் கூச்சப்படுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14ல் அமலுக்கு வந்தது. 2020ல் வந்த போக்சோ விதிகளில் பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகத்தோடு சேர்த்து விளையாட்டு அகாடமி என்றே பெயர் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் எந்த அமைப்பாக இருந்தாலும், அங்கே வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் போலீஸ் சரிபார்ப்பு செய்ய வேண்டும். நிரந்தரமா, தற்காலிகமா என்ற பேதம் இல்லை. ஒரு தடவை செய்துவிட்டு விட்டுவிடவும் முடியாது, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். தமிழ்நாடு போலீசின் இணையதளத்தில் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது. எத்தனை கிளப் செக்ரட்டரிகளுக்கு இது தெரியும்?

"நாங்க என்ன அகாடமியா, நாலு பசங்க சேந்து ஆடுற டீம்தானே சார்" என்று சொல்லிவிடலாம். மாசம் 300 ரூபாய் பீஸ் வாங்கி, 20 பிள்ளைகளைச் சேர்த்து, பேனரில் அகாடமி என்று போட்டுக்கொள்ளும்போது மட்டும் அந்த நினைப்பு வருவதில்லை.

ஊருக்குள் பேசி முடிப்பது குற்றம்

அதைவிட முக்கியமானது 19வது பிரிவு. ஒரு குழந்தைக்கு எதிராகக் குற்றம் நடந்தது என்றோ, நடக்கப் போகிறது என்றோ தெரிந்த யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை ஜெயில். நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர் தனக்குக் கீழே உள்ள ஆள் செய்ததை மறைத்தால் 1 வருஷம் வரை. நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது. பிள்ளையின் பெயர், ஊர், பள்ளிக்கூடம் எதையும் பத்திரிகையில் வெளியிடக் கூடாது என்பதும் சட்டம்.

நம்ம ஊரில் நடப்பது என்ன? பிள்ளை அம்மாவிடம் சொல்லும். அம்மா அப்பாவிடம் சொல்வார். அப்பா ஊர்ப் பெரியவரிடம் போவார். கோவில் வாசலில் ராத்திரி கூடிப் பேசுவார்கள். மாஸ்டரை ரெண்டு அறை அறைந்து, "இனிமே இந்தப் பக்கம் வராதே" என்று அனுப்பிவிடுவார்கள். பொம்பளைப் பிள்ளை பேர் கெட்டுவிடக் கூடாது என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் அந்த ஆள் அடுத்த தாலுகாவில் போய் விசில் ஊதிக்கொண்டு நிற்பான். அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

டெல்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல ஊர்களில் டீமே தெருவாரியாகத்தான் இருக்கிறது. ஒரு தெருப் பிள்ளை இன்னொரு தெரு மாஸ்டர் மீது புகார் சொன்னால் அது அன்றைக்கே சாதிப் பிரச்சினையாகிவிடும். கலவரம் வரும் என்று பயந்து பிள்ளையின் வாயை அடைப்பார்கள். அதனால்தான் இந்த விஷயம் ஊர்க் கூட்டத்துக்குப் போகாமல் நேராக 1098க்கோ, அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ போக வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு என்று அமைப்புகள் இருக்கின்றன. பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்க வரும் போலீசார் யூனிபார்மில் வரக்கூடாது என்றுகூட சட்டத்தில் இருக்கிறது. பிள்ளை இருக்கும் இடத்துக்கே வந்து வாங்கலாம்.

பெண் பிள்ளைகளை நிறுத்துவதா?

இதையெல்லாம் படித்ததும் பல வீடுகளில் வருகிற முதல் யோசனை, "நீ கிரவுண்டுக்குப் போனது போதும்" என்பதுதான். தப்பு செய்தவன் ஒருவன், தண்டனை பிள்ளைக்கு. இது கூடவே கூடாது. வயதுக்கு வந்ததும் விளையாட்டை நிறுத்தும் வழக்கம் இப்போதுதான் கொஞ்சம் உடைந்து வருகிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளுக்கு கிராமத்துப் பெண் பிள்ளைகள் கபடி டீமாக வந்து இறங்குகிறார்கள். அவர்களைத் திரும்ப வீட்டுக்குள் தள்ளினால் நிற்கப்போவது அவர்கள் ஆட்டம்தான், அந்த ஆள் அல்ல.

இங்கிலாந்தில் சிறுவர் கால்பந்து அணி வைத்திருக்கும் ஒவ்வொரு கிளப்பிலும் பிள்ளைகள் நலனுக்கென்று ஒரு பொறுப்பாளர் கட்டாயம் இருக்க வேண்டும். பிள்ளைக்கு ஏதாவது என்றால் அவரிடம் சொல்லலாம். நம்ம ஊரில் இதற்கு காசே தேவையில்லை. மகளிர் சுய உதவிக் குழுவில் ஒரு அக்கா, ரிட்டயர்டு டீச்சர் ஒருவர், அங்கன்வாடி ஊழியர் யாராவது ஒருவர் போதும். வெளியூர் போட்டி என்றால் பெண் டீமோடு ஒரு பெண் கட்டாயம் போக வேண்டும். கோச் தனியாக ஒரு பிள்ளையை பைக்கில் ஏற்றிப் போகக் கூடாது. மசாஜ், சிகிச்சை எதுவானாலும் நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான் நடக்க வேண்டும். ராத்திரி எத்தனை மணிக்கு எந்த வண்டியில் கிளம்புகிறார்கள் என்று வீட்டுக்கு ஒரு மெசேஜ் வர வேண்டும்.

சட்டம் மட்டும் தானாக எதையும் மாற்றிவிடாது என்பதற்கு கும்பகோணமே சாட்சி. 2004 ஜூலை 16ல் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகுதான் கூரைக் கொட்டகைகளை அதிகாரிகள் எண்ணத் தொடங்கினார்கள். அதுவரை அந்தக் கொட்டகைகள் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தபடிதான் நின்றன.

தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் 2025ல் நிறைவேறியது. மல்யுத்த வீராங்கனைகள் 2023ல் டெல்லி ஜந்தர் மந்தரில் தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகு வந்த சட்டம் இது. பெண்களையும் சிறுவர்களையும் பாதுகாக்கும் கொள்கை வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் அது டெல்லியில் இருக்கும் சம்மேளனங்களைக் குறிவைத்து எழுதப்பட்டது. திருவோணம் பக்கத்து ஊர் கிளப் வரை அது வந்து சேர எத்தனை வருஷம் ஆகுமோ. அதுவரை மாவட்ட விளையாட்டு அலுவலர் ஒரு வேலை செய்யலாம். மாவட்டத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் கிளப்புகள் எத்தனை, கோச்சுகள் யார் யார், போலீஸ் சரிபார்ப்பு முடிந்ததா என்று ஒரு பட்டியல் எடுத்து அலுவலக வாசலில் ஒட்டலாம். கபடிக் கழகங்களும், போட்டிக்கு அனுமதி கொடுக்கும் போலீசாரும் அந்தப் பட்டியலைக் கேட்டால் போதும், பாதி கிளப்புகள் தானாக வழிக்கு வந்துவிடும்.

ஏப்ரல், மே வந்தால் கோடைகாலப் பயிற்சி முகாம் நோட்டீஸ்கள் வீட்டு வாசலில் விழும். சேர்க்கைக்குப் போகும்போது பீஸ் எவ்வளவு என்று கேட்கும் பெற்றோர், கோச்சின் சரிபார்ப்புச் சான்றையும் காட்டச் சொல்லலாம். கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது. காட்ட மறுக்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காமல் வருவதற்கும்தான்.