ஒரே கோப்பு, இரு மாவட்டங்கள்

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி மக்களில் பலர் கடல் வழியாகப் புத்தளம் மாவட்டத்தை அடைந்தனர். காணி உறுதிகளையும் இழந்தோர் பலர். இன்றும் எத்தனையோ குடும்பங்களின் வாழ்வு மன்னாரிலும் புத்தளத்திலுமாகப் பிரிந்து கிடக்கிறது. இடம்பெயர்ந்தோர் தமது பழைய வதிவிடத்தில் வாக்காளராகப் பதிவதற்கு 2013இல் விசேட சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

ஒரு குடும்பத்தின் விபரம் இரு அலுவலகங்களில் இரு பிரதிகளாக இருப்பின், ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் ஏறாது. அந்த முரண்பாட்டின் சுமை அலைந்து திரியும் மக்களையே சேரும். கணினி வலையமைப்பில் ஒரே கோப்பைப் பகிர்வதே இதற்குப் பரிகாரம்.

ஆயினும் பகிர்தல் என்பது கதவைத் திறந்துவிடுதல் அன்று. பார்வையிடுவோர் யார், திருத்துவோர் யார் என்ற வரையறை வேண்டும். ஒருவர் திருத்துகையில் மற்றவரின் பதிவு அழியாதவாறு கோப்பு பூட்டப்பட வேண்டும். பொதுக் கடவுச்சொல் அறவே கூடாது. ஒவ்வொரு மாற்றமும் செய்தவர் பெயருடன் பதிவாக வேண்டும்.

காப்புப் பிரதியும் இன்றியமையாதது. 2023 ஓகஸ்டில் அரச மேகக் கணினி வலையமைப்பு கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் பறிபோயின. அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை.

ஆயுதத்தின் முன் ஒருமுறை ஆவணங்களை இழந்த மக்கள், அலட்சியத்தால் மீண்டும் அவற்றை இழக்கலாகாது. இரு மாவட்ட நிர்வாகங்களும் இதனை உணர்ந்து செயற்படுதல் வேண்டும் என வலியுறுத்துகிறோம்.