கட்டிப் போடுவது வைத்தியமா?

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு போக்கிடம் தெரியாத குடும்பத்தார்தாம்.

பைத்தியம் அடிக்கும் என்று அஞ்சுகிறோம். அடி வாங்குவதோ பெரும்பாலும் அந்த மனிதர்தான். அதுவும் மொழி தெரியாத ஊரில் திரிந்தால் கேட்கவே வேண்டாம்! கேள்விக்குப் பதில் வராவிட்டால் 'திருடன்', 'பிள்ளை பிடிக்கிறவன்' என்று கூட்டம் கூடிவிடும். தமிழில் புலம்புகிறவர் நம்மவர் என்று நமக்குத் தெரியும். அங்கே நாம் ஒதுங்கி நிற்கலாமா?

2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி நோயாளியைச் சங்கிலியிடக் கூடாது. திரிகிறவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் அடைக்கக் கூடாது. வீட்டிலேயே கொடுமை நடந்தால் யாரும் புகார் செய்யலாம்.

ஊருக்குப் பணம் அனுப்புகிறோம், தம்பியைப் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுகிறோம். கொல்லையில் கட்டிப் போட்டிருக்கிறார்களா, மாத்திரை கொடுக்கிறார்களா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? 14416 என்ற அரசு டெலிபோன் எண்ணில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே யோசனை கேட்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது அந்த எண்ணையும் சொல்லுங்கள்.