யூனிட்டுக்கு எட்டு ரூபாய்! இந்தக் கட்டணத்தை நிர்ணயித்தது யார்?

மின்கட்டணம் உயர்ந்தால் நாம் கொதிக்கிறோம். 2022 செப்டம்பரில் உயர்த்தினார்கள், கொதித்தோம். 2024 ஜூலையில் மீண்டும் உயர்த்தினார்கள், மீண்டும் கொதித்தோம். மாதந்தோறும் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தலில் தி.மு.க. தந்த வாக்குறுதி நான்கு ஆண்டுகள் கடந்தும் நிறைவேறவில்லையே என்று கேட்டோம். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனால் அரசு வாங்குவதைவிடப் பல மடங்கு கட்டணம் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நம் தெருக்களிலேயே வசூலாகிறதே, அதைப் பற்றி என்றைக்காவது வாய் திறந்தோமா?

வாடகை வீட்டில் குடியிருக்கும் சகோதரர்களுக்கு நாம் சொல்ல வருவது புரிந்திருக்கும். ஒரே மின் இணைப்பு. அதிலிருந்து மூன்று நான்கு வீடுகளுக்குச் சப் மீட்டர். மாதம் பிறந்ததும் வீட்டுக்காரர் வந்து பார்ப்பார். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்பார். சில இடங்களில் பத்து ரூபாய். கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். ரசீது? அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

கணக்கைப் பாருங்கள்

2016 மே 23 அன்று போடப்பட்ட உத்தரவின்படி, வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் கட்டணப்படி, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. (2024இல் இது காசுக் கணக்கில் சற்று ஏறியது, கணக்கு எளிதாக இருக்க 2022 கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம்.)

இரண்டு மின்விசிறி, நாலு விளக்கு, ஒரு டிவி, ஒரு ஃபிரிட்ஜ் உள்ள சிறு குடும்பம் இரண்டு மாதத்தில் 180 யூனிட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனி இணைப்பு இருந்தால் மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டியது 180 ரூபாய். வீட்டுக்காரரிடம் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் கட்டுவது 1,440 ரூபாய். வித்தியாசம் 1,260 ரூபாய். ஆண்டுக்கு ஆறு முறை என்றால் 7,560 ரூபாய்! தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் ஓர் இளைஞனின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவுக்கு ஆகும் பணம் அல்லவா இது?

"எனக்கே பில் அதிகமாக வருகிறது, நான் என்ன செய்வேன்?" என்று வீட்டுக்காரர் கேட்பார். அதையும் பார்த்துவிடுவோம். அவரும் இரண்டு வாடகைக் குடும்பங்களும் தலா 180 யூனிட் செலவழித்தால் மொத்தம் 540. மூன்று வீடும் ஒரே இணைப்பில் இருப்பதால் 500ஐத் தாண்டி மேல் படிக்குப் போய்விடுகிறது. பில் 2,270 ரூபாய் வரும். உண்மைதான். ஆனால் இரண்டு குடும்பங்களிடமும் அவர் வாங்கியது எவ்வளவு? 2,880 ரூபாய்! அவருடைய வீட்டு விளக்கு இலவசமாக எரிந்ததோடு, 610 ரூபாய் பையிலும் விழுந்தது.

இதே மூன்று வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு இருந்திருந்தால் மூன்றுக்கும் சேர்த்து 540 ரூபாய்தான். அரசு தந்த சலுகையில் இரண்டு குடும்பங்களின் பங்கு யாருக்கும் பயன்படாமலே போகிறது. நேர்மையான வீட்டுக்காரருக்கும் இதில் நஷ்டம்தான்.

சம்மதித்துத்தானே வந்தார்?

இப்படியும் ஒரு வாதம். யோசித்துப் பாருங்கள். பெயரைக் கேட்டதும் "வீடு காலி இல்லை" என்று கதவைச் சாத்துகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். நாலு தெரு அலைந்து, கடைசியில் நம்மவர் வீடாயிற்றே என்று நம்பி வருகிறான் ஒரு சகோதரன். அவனுக்கு வேறு வழியில்லை என்பது தெரிந்தே வைக்கப்படும் நிபந்தனைக்குச் சம்மதம் என்று பெயரா?

உரிமம் இல்லாமல் மின்சாரத்தை விற்க 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் யாரையும் அனுமதிக்கவில்லை. வாரியத்திடம் வாங்கி லாபம் வைத்து விற்கும் வீட்டுக்காரரின் கையில் எந்த உரிமம் இருக்கிறது? வியாபாரிகளே, உங்கள் கடைத் தராசில் பத்து கிராம் குறைந்தால் நீங்கள் பொறுப்பீர்களா? அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் குர்ஆனில் இருக்கிறது. தராசுக்கு ஒரு நியாயம், மீட்டருக்கு ஒரு நியாயமா?

குடியிருப்போர் செய்ய வேண்டியது

மின்கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மின்சாரத்தைப் பயன்படுத்துகிறவருக்கே வேண்டும். தனி மீட்டர் இருந்தும் "என்னிடம் கொடு, நான் கட்டிவிடுகிறேன்" என்று வீட்டுக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சேவை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இருந்தால் யார் வேண்டுமானாலும் கட்டலாம். கவுன்டரில் கட்டுங்கள்; செல்போனில் கட்டுங்கள்; வாரியத்தின் இணையதளத்தில் கட்டுங்கள். எதில் கட்டினாலும் திரையில் வரும் பெயரையும் தொகையையும் சரிபார்த்துக் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் கட்டிவிடுங்கள்.

"இன்றிரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று செல்போனுக்கு வரும் செய்தியை நம்பிப் பணத்தை இழந்தவர்கள் பலர். அது மோசடிக் கும்பலின் வேலை. சந்தேகம் வந்தால் மின்வாரியத்தின் மின்னகம் சேவைக்கு, 94987 94987 என்ற எண்ணில், நீங்களே பேசிக் கேளுங்கள்.

சப் மீட்டர் வீடாக இருந்தால், வீட்டுக்காரரிடம் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள குடியிருப்புக்குத் தனி இணைப்பு கேட்கலாம். அது வரும்வரை வாரியத்தின் பில்லைக் காட்டச் சொல்லி, ஓடிய யூனிட்டுக்கு ஏற்பப் பங்கிடச் சொல்லுங்கள். மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் ஆகும் செலவை எல்லோரும் சேர்ந்து பகிர்ந்துகொள்ளலாம். கேள்வி கேட்டதற்காக மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டித்தால் அது சட்ட விரோதம். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழகத்தின் வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது.

முதலில் நம் வாசலில்!

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. பள்ளிவாசலுக்குச் சொந்தமான வாடகை வீடுகள் எத்தனையோ மஹல்லாக்களில் இருக்கின்றன. அங்கே சப் மீட்டர் இருந்தால் முதலில் அதைக் கழற்றித் தனி இணைப்பு வாங்கிக் கொடுங்கள். அதன் பிறகு மற்ற வீட்டுக்காரர்களிடம் பேசினால் உங்கள் பேச்சுக்கு மரியாதை இருக்கும்.

இளைஞர்களே, மாதத்தில் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். செல்போனில் பணம் கட்டத் தெரியாத தாய்மார்களுக்கும் முதியவர்களுக்கும் கட்டிக் கொடுங்கள். அவர்களிடமிருந்து ஐந்து பைசா கமிஷன் வாங்காதீர்கள். தனி இணைப்புக்கான விண்ணப்பங்களை எழுதிக் கொடுங்கள்.

கட்டணத்தைக் குறையுங்கள் என்று அரசிடம் கேட்போம். கேட்பது நம் உரிமை. அப்படிக் கேட்கும் வாய், நம் தெருவில் நடக்கும் எட்டு ரூபாய் வசூலைக் கண்டு மூடிக்கொள்ளலாமா?