ஐந்து என்று சொன்னது யார்?

சங்கப் பாடல்களைக் கம்ப்யூட்டரில் போட்டால் திணைகள் தாமாகவே பிரிந்து விழுமாம். பெசன்ட் நகரில் உ.வே.சா. பெயரில் நூலகம் இருக்கிற ஊரில் இப்படியொரு மூடநம்பிக்கை.

விழாது. கே-மீன்ஸ் முறைக்கு எத்தனை குழு என்று முதலில் நாம் சொல்ல வேண்டும். 5 என்றால் 5, 9 என்றால் 9. திணைக் குறிப்புகளைக் காட்டிப் பழக்கினாலோ, பழைய தீர்ப்பையே திருப்பிச் சொல்லும். எந்தச் சொற்களை எண்ணுவது, இரு பாடல்களுக்கிடையே தூரத்தை யூக்ளிட் வழியில் அளப்பதா, 1936இல் மகலனோபிஸ் எழுதிய வழியிலா என்பதும் நம் தேர்வே.

தொகுத்தவர்கள் யோக்கியர்கள். 4 முதல் 8 அடி குறுந்தொகை, 13 முதல் 31 அகநானூறு என்று அளவுகோலை வெளியில் வைத்தார்கள். நம்மவர்கள் அதை ஒளித்துவிட்டு விஞ்ஞானம் என்கிறார்கள். விமர்சகன் முதலில் தன் ருசியைச் சொல்லட்டும், பிறகு எண்ணட்டும்.