புழு சாகவில்லை என்றால் பழி விவசாயி மீதா?

பருத்தி விவசாயப் பெருமக்களே! விவசாயத் தொழிலாளர்களே!

மருந்துக் கடையில் போய், "போன வாரம் கொடுத்த மருந்து கேட்கலையே, புழு அப்படியே நெளியுதே" என்று கேட்டால் நமக்குக் கிடைக்கிற பதில் என்ன? "நீங்க சரியா அடிச்சிருக்க மாட்டீங்க." அதிகாரியிடம் போனால், "அளவுக்கு மேல அடிச்சுட்டீங்க." கம்பெனி ஆள் வந்தால், "சொன்னபடி செய்யல." குறைத்து அடித்தாலும் குற்றம், கூட்டி அடித்தாலும் குற்றம். மருந்து உத்தமம், விவசாயி குற்றவாளி! கடன் மட்டும் நம் பேரில்.

இந்தப் பழியை நாம் சுமக்க முடியாது. புழு ஏன் சாகவில்லை என்பதற்கு விஞ்ஞானத்தில் தெளிவான பதில் இருக்கிறது. அது நம் வாசலுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அதைத்தான் இங்கே சொல்கிறோம்.

மருந்தே பொறுக்கி எடுக்கும் விதை

நல்ல கதிராகப் பார்த்து நாம் விதைக்கு எடுத்து வைக்கிறோம். அடுத்த வருஷம் அந்தக் குணம் பயிரில் வருகிறது. மருந்து அதே வேலையைப் புழுவுக்குச் செய்கிறது.

ஒரு காட்டில் லட்சம் புழு என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். எல்லாப் புழுவும் ஒன்றுபோல் இல்லை. மருந்தைத் தாங்குகிற ஜீன் பிறவியிலேயே சிலவற்றில் இருக்கும். பத்தோ இருபதோதான். மருந்து அடித்ததும் மற்றதெல்லாம் செத்துப்போகிறது. மிச்சம் நிற்பது அந்தப் பத்து இருபதுதான். அதுதான் அந்துப்பூச்சியாகி ஒன்றோடொன்று சேருகிறது. ஒரு தாய் அந்து நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கும் மேல், முட்டை இடுகிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். மறுபடி அதே மருந்து. நாலைந்து வருஷத்தில் காடு முழுக்க அந்தப் பத்துப் புழுவின் பேரன் பேத்திகள்தான்!

ஆகவே புழு "மருந்துக்குப் பழகிவிட்டது" என்று கடையில் சொல்வது தவறு. எந்தப் புழுவும் பழகவில்லை. சாகிற குலம் அழிந்தது, சாகாத குலம் பெருகியது. பொறுக்கி எடுத்தது மருந்து.

விஷத்தைச் செரிக்கும் வயிறு

அந்த ஜீன் என்ன செய்கிறது? ஒரு வழி, விஷத்தை உடைப்பது. பருத்திச் செடியே தன்னைக் காத்துக்கொள்ள காசிபால் என்ற விஷத்தை வைத்திருக்கிறது. பருத்தி, துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று எல்லாவற்றையும் தின்னும் பச்சைக் காய்ப்புழுவுக்குச் செடிகளின் விஷத்தை உடைக்கும் என்சைம்கள் பரம்பரையாக உண்டு. நாம் அடிக்கிற மருந்தையும் இதே கூட்டத்தைச் சேர்ந்த என்சைம்கள்தான் உடைத்துப் போடுகின்றன. 2012-இல் ஆஸ்திரேலியப் புழுக்களில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு ஜீன்கள் தவறுதலாக ஒட்டி, ஒரு புது ஜீன் ஆகிவிட்டது. அது உண்டாக்கும் என்சைம் பென்வலரேட் மருந்தைச் சிதைத்துவிடுகிறது. பின்னால் பாகிஸ்தான் புழுவிலும் அதே ஜீன் தென்பட்டது.

இன்னொரு வழி, பூட்டை மாற்றுவது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை பூச்சியின் நரம்பில் ஓர் இடத்தில் போய் ஒட்டித்தான் கொல்கின்றன. அந்த இடத்தின் அமைப்பு ஜீனில் கொஞ்சம் மாறினால் போதும். சாவி நுழையாது.

இங்கேதான் நம்மை ஏமாற்றும் இடம் வருகிறது. சைபர்மெத்ரின், பென்வலரேட், டெல்டாமெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின் எல்லாம் பைரித்ராய்டு என்ற ஒரே குடும்பம். ஒன்றைத் தாங்குகிற புழு பெரும்பாலும் மற்றதையும் தாங்கும். ஆனால் கடையில் அவை எத்தனை பேரில், எத்தனை கலர் டப்பாவில் நிற்கின்றன! "இது கேட்கலையா? இதோ புதுசா வந்திருக்கு" என்று எடுத்துத் தருகிறார்கள். புரபனோபாஸோடு சைபர்மெத்ரின் கலந்து வருகிறதே, அதில் ஒரு பங்கு பழைய சரக்குதான். மருந்தை மாற்றினோம் என்று நாம் நினைக்கிறோம். மாறியது டப்பா மட்டும்!

தெரியாமல் நடந்ததா?

இல்லை. 1914-லேயே அமெரிக்காவில் மெலாண்டர் என்ற விஞ்ஞானி, பழமரத்துச் செதில் பூச்சி சுண்ணாம்பு-கந்தகக் கரைசலுக்குச் சாகாததை எழுதி வைத்தார். டி.டி.டி.யின் கொல்லும் சக்தியைக் கண்டவருக்கு 1948-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதற்குள்ளேயே டி.டி.டி.க்குச் சாகாத வீட்டு ஈ வந்துவிட்டது. ஆக, ஒரே விஷத்தைத் திரும்பத் திரும்பக் கொட்டினால் என்ன நடக்கும் என்பது விற்கிறவர்களுக்குத் தெரியும்.

நம் நாட்டில் பைரித்ராய்டு மருந்துகள் 1980-களின் தொடக்கத்தில் வந்தன. 1987-இல் ஆந்திராவின் குண்டூர், பிரகாசம் பகுதிகளில் பச்சைக் காய்ப்புழு அவற்றுக்கு அடங்கவில்லை. அடித்து அடித்துக் கடன் ஏறியது, பருத்தி போனது, விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2002-இல் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் பருத்தியின் ஐந்து முக்கியப் பூச்சிகளில் எந்த மருந்துக்கு எவ்வளவு எதிர்ப்பு என்று அளந்து வெளியிட்டார்கள். அந்தக் கணக்கில் ஒரு வரியாவது நம் ஊர் மருந்துக் கடை போர்டில் எழுதிப் போட்டதுண்டா?

பி.டி. விதையும் அதே கதைதான்

2002-இல் பி.டி. பருத்தி வந்தது. மண்ணில் வாழும் பாக்டீரியாவின் ஜீனைச் செடிக்குள் வைத்து, செடியே புழுவைக் கொல்லும் என்றார்கள். முதலில் மருந்துச் செலவு குறைந்தது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் இதுவும் விஷம்தானே! செடி முளைத்த நாள் முதல் கடைசி எடுப்பு வரை, இரவு பகலாக அடித்துக்கொண்டே இருக்கிற விஷம். அப்படியானால் பொறுக்கி எடுக்கும் வேலையும் நிற்காமல் நடக்கும்.

2009 பருவத்தில் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி.யைத் தாண்டியது. 2010-இல் மான்சாண்டோ கம்பெனியே அதை ஒப்புக்கொண்டது. சொன்ன காரணங்கள் என்ன தெரியுமா? விவசாயிகள் ஓரத்தில் சாதாப் பருத்தி போதுமான அளவு போடவில்லை, அங்கீகாரம் இல்லாத விதையை முன்னாடியே போட்டுவிட்டார்கள். சொன்ன தீர்வு? இரண்டு ஜீன் உள்ள எங்கள் அடுத்த விதையை வாங்குங்கள்! சில வருஷத்திலேயே, 2015 வாக்கில், அதையும் புழு தாண்டிவிட்டது. புழுவின் குடலில் விஷம் போய் ஒட்டுகிற புரதங்களின் ஜீன்கள் பழுதுபட்டிருந்தன. ஒட்ட இடமில்லை, அதனால் சாவும் இல்லை.

ஓரப் பருத்தி விஷயத்தையும் பேசிவிடுவோம். எந்த ஜீனும் தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என்று ஜோடியாக வரும். இந்தப் புழுவின் பி.டி. எதிர்ப்புக்கு ஜோடியில் இரண்டுமே பழுதாக இருக்க வேண்டும். சாதாப் பருத்தியில் வளர்ந்த சாதாப் பூச்சி, தப்பிப் பிழைத்த பூச்சியோடு சேர்ந்தால் குஞ்சுக்கு ஒன்றுதான் பழுது. அது பி.டி.யில் செத்துவிடும். ஓரப் பருத்தியின் தத்துவம் இதுதான், நல்ல தத்துவம். ஆனால் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சிறு பொட்டலத்தைப் போட்டுக் கொடுத்தவர்கள், ஏன் எதற்கு என்று ஒரு கூட்டம் போட்டுச் சொன்னார்களா? ரெண்டு ஏக்கர் மானாவாரிக்காரர் ஐந்து வரிசையைப் புழுவுக்கு விட்டால் அந்த நட்டத்தை யார் கொடுப்பது?

அதைவிடப் பெரிய சூழ்ச்சி காய்க்குள்ளே இருக்கிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பி.டி. பருத்தி பெரும்பாலும் நேர் ரகம். இங்கே மட்டும் வீரிய ஒட்டு. ஏன்? ஒட்டு விதையை எடுத்து வைத்து அடுத்த வருஷம் போட முடியாது, கடைக்குத்தான் போக வேண்டும். ஒட்டுச் செடியில் பி.டி. ஜீன் ஒரு பக்கத்துப் பெற்றோரிடமிருந்து மட்டும் வருகிறது. அதனால் காய்க்குள் உண்டாகும் விதைகளில் அது பிரிந்து போகிறது. இரண்டு ஜீன் உள்ள ஒட்டில், சராசரியாகப் பதினாறு விதைக்கு ஒன்பதில் இரண்டு விஷமும், ஆறில் ஒரே ஒரு விஷமும் இருக்கும். ஒன்றில் விஷமே இல்லை. இளஞ்சிவப்புப் புழு தின்பது அந்த விதையைத்தான்! செத்திருக்க வேண்டிய அரைகுறை எதிர்ப்புப் புழுவும் அதே காய்க்குள் பிழைத்துக்கொள்கிறது. இதோடு 180 நாளுக்கும் மேல் நிற்கிற நீண்டகால ஒட்டு வேறு. கடைசிப் பருவத்தில் வருகிற இந்தப் புழுவுக்கு நாமே வருஷம் பூராவும் பந்தி விரித்த மாதிரி.

இந்த விதையை வடிவமைத்தது நாமா? அனுமதி கொடுத்தது நாமா?

அதே புழு, வேறு முடிவு

அமெரிக்காவின் அரிசோனாவிலும் இதே புழு, இதே பி.டி. அங்கே விவசாயிகள், அரசு, ஆராய்ச்சி நிலையம் மூன்றும் சேர்ந்து ஓரப் பருத்தியைக் கண்காணித்தார்கள். வருஷா வருஷம் புழுவைப் பிடித்து எதிர்ப்பை அளந்தார்கள். 2006 முதல் மலட்டு அந்துப்பூச்சிகளை விமானத்தில் கொண்டுபோய்க் கோடிக்கணக்கில் விட்டார்கள். 2018-இல் அமெரிக்கப் பருத்திப் பகுதிகளில் இந்தப் புழு ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அங்கே விவசாயி புத்திசாலி, இங்கே முட்டாள் என்பதல்ல. அங்கே ஏற்பாடு இருந்தது. இங்கே விற்பனை மட்டும் இருந்தது.

ஏற்பாடு இல்லாத ஊரில் என்ன நடந்தது? 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் ஆள் உயரப் பருத்திக்குள் நின்று மருந்து அடித்த 20-க்கும் மேற்பட்டோர் நஞ்சேறிச் செத்தார்கள். அவர்களில் பலர் கூலிக்கு டேங்க் சுமந்தவர்கள். புழு பிழைத்தது, மனிதர் செத்தார்!

நமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு மருந்து டப்பாவிலும் குடும்ப எண்ணைப் பெரிய எழுத்தில், தமிழில் அச்சிடு! பைரித்ராய்டுக்கு 3, இமிடாகுளோபிரிட் வகைக்கு 4 என்று உலக அளவில் எண் இருக்கிறது. ஒரே எண்ணை அடுத்தடுத்து வாங்காமல் இருக்க எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

2. மாவட்டவாரியாகப் புழுவின் எதிர்ப்பை ஆண்டுதோறும் அளந்து, விதைப்புக்கு முன்பே ஊராட்சி போர்டில் எழுது!

3. "புழு விழாது" என்று விற்ற விதையில் புழு விழுந்தால் நட்டஈட்டை விதைக் கம்பெனி கொடுக்க வேண்டும்!

4. 150 நாளுக்குள் முடியும் நேர் ரகப் பருத்தி விதையை அரசே பெருக்கிக் கொடு!

5. இனக்கவர்ச்சிப் பொறி, முட்டை ஒட்டுண்ணி அட்டை ஆகியவற்றைப் பருவத்துக்கு முன் வழங்கு! மருந்து அடிக்கும் தொழிலாளருக்குக் கையுறை, முகமூடி, மருத்துவக் காப்பீடு கொடு!

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பில் இல்லாமல் மருந்து வாங்காதீர்கள். காலி டப்பாவின் லேபிளைக் கிழித்துப் பத்திரப்படுத்துங்கள், அது நம் சாட்சி. முதல் அறுபது நாள் மருந்தைத் தள்ளிப்போட்டால் பொறிவண்டும் சிலந்தியும் நமக்கு இலவசமாக வேலை செய்யும். கடைசி எடுப்பு முடிந்ததும் பருத்தி மாரை நிற்க விடாதீர்கள். ஒரே குடும்ப மருந்தை ஊரே சேர்ந்து நிறுத்தினால், பல சமயம் எதிர்ப்புக் குலம் மெலிந்து, சாகிற குலம் திரும்பி வரும். தனி ஒருவர் காட்டில் இது நடக்காது. அந்து வரப்பைப் பார்த்துப் பறப்பதில்லை. அதனால்தான் சங்கம் வேண்டும் என்கிறோம்.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு லேபிளோடும் பில்லோடும், புழு விழுந்த காயோடும் திரண்டு வாருங்கள்! ஆட்சியர் மேசை மீது காயைப் பிளந்து வைத்துக் கேட்போம்: இது யார் குற்றம்?

பழி போடாதே! பொறுப்பை ஏற்றுக்கொள்!
விதை உரிமை விவசாயிக்கே!
விவசாயிகள், தொழிலாளர்கள் ஒற்றுமை ஓங்குக!

செயலாளர்,
விவசாயிகள் சங்கம்